ஊதாவும் இல்லை, கந்தகமிலியும் இல்லை

குற்றாலத்து அருவிகளின் பெயர்களைக் கேட்டாலே, பெயர் வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்கள் என்பது விளங்கிவிடும். அளவைப் பார்த்தவர்கள் பேரருவி என்றும் சிற்றருவி என்றும் சொன்னார்கள். பாறையிடுக்கில் தொங்கிய தேன்கூடுகளைப் பார்த்தவர்கள் தேனருவி என்றார்கள். புலியருவி, பழத்தோட்ட அருவி எல்லாம் பக்கத்தில் இருந்ததைச் சொல்லும் பெயர்கள். பேரருவியை இன்று பேரருவி என்று சொல்பவர்கள் குறைவு. பஸ் நடத்துநர் முதல் நாளிதழ் வரை அது ‘மெயினருவி’. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். ஆனாலும் புணர்ச்சி அழகாகத்தான் இருக்கிறது.

எண்ணிப் பார்த்து வைத்த பெயர் ஐந்தருவி. சாரல் பிடித்து, தண்ணீர் அளவாக விழும் நாளில் போய் நின்றால் ஐந்து கிளைகளையும் விரல்விட்டு எண்ணலாம். வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போடும் நாளில் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வெள்ளைச் சுவராகிவிடும். கோடையில் ஒன்றிரண்டு நூலிழை மிஞ்சினால் பெரிது. ஆக, ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே அந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது. அதற்காக யாரும் குறை சொல்வதில்லை. அருவி கண்ணெதிரே இருக்கிறது. பெயர் பொருந்தாத நாளில் கண் அதைத் திருத்திக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அந்த வசதி கிடையாது. என்றோ ஒருவர் ஒரு குப்பியைப் பார்த்து வைத்த பெயர், திருத்த ஆளில்லாமல் நூறாண்டுக்கு மேல் நின்றுவிடும். அப்படி நின்றுபோன ஒரு பெயரின் வரலாறுதான் இது. அந்தப் பெயருக்குரிய உயிர்கள் ஐந்தருவித் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் வாழ்கின்றன. ஐந்தருவியாறு இறங்கிச் சிற்றாற்றில் கலக்கிறது. சிற்றாறு தென்காசிச் சீமையின் வயல்களுக்கும் குளங்களுக்கும் பாய்ந்து, மிச்சத்தைச் சீவலப்பேரியில் தாமிரபரணியிடம் ஒப்படைக்கிறது. கார், பிசானம் என்று இரு பருவம் நெல் விளையும் அந்த வயல்களின் சேறு, உலகத்தின் எல்லா நெல்வயற் சேற்றையும் போல, ஒளியைத் தின்று வாழும் செந்நிற நுண்ணுயிர்களுக்கு இயல்பான வீடு.

பார்க்க வேண்டுமானால் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நடவு முடிந்து நீர் கட்டியிருக்கும் வயலில் ஒரு பிடி சேறு எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நறுக்கிய வைக்கோலையும் நொறுக்கிய முட்டை ஓட்டையும் கலந்து, வயல் தண்ணீரையே விளிம்புவரை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, வெளிச்சம் படும் சன்னலோரம் வைத்துவிட வேண்டும். பழைய குண்டு பல்பு ஒன்றை அருகில் எரியவிட்டால் இன்னும் நல்லது, எல்.இ.டி. பல்பில் இந்த உயிர்களுக்கு வேண்டிய அகச்சிவப்பு ஒளி அநேகமாக இல்லை. சில வாரங்களில் பாட்டில் அடுக்கடுக்காக நிறம் மாறும். அடியில் சேறு கறுக்கும். மேலே பாசி பச்சை கட்டும். இடையில், வெளிச்சம் படுகிற பக்கத்துக் கண்ணாடியை ஒட்டி, வெங்காயத் தோல் போன்ற செம்பழுப்பில் ஒரு திட்டு தோன்றிப் பரவும். முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ துருக்கறை என்றுதான் தோன்றும். அது உயிர்.

அந்த உயிருக்கு நூல்கள் தரும் பெயர் ‘ஊதா நிறக் கந்தகமில்லா ஒளிச்சேர்க்கை பாக்டீரியா’. இவ்வளவு நீளமான பெயர் தன் உடைமைக்காரரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பாக்டீரியா, சரி. ஒளிச்சேர்க்கை, அதுவும் சரி. மற்ற இரண்டு சொற்களும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை.

முதலில் நிறம். செந்நிற நீர்வாழ் நுண்ணுயிர் ஒன்றை ஜெர்மானியரான எஹ்ரன்பெர்க் 1838-இல் விவரித்து, இயற்கை அறிஞர் ஓக்கன் நினைவாக மோனாஸ் ஓக்கெனீ என்று பெயரிட்டார். 1873-இல் இங்கிலாந்தின் ரே லங்கெஸ்டர் இன்னொன்றைப் பார்த்து ‘பீச் பழ நிறப் பாக்டீரியம்’ என்றார். அதன் சாயத்துக்குப் பாக்டீரியோபர்ப்யூரின் என்று பெயர் வைத்தார். ‘பர்ப்யூர்’ என்ற ஒலி இந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது அப்போதுதான். அதன் வேர் கிரேக்க மொழியின் போர்ஃபுரா. மத்தியதரைக் கடலின் ஒருவகைச் சங்கினத்திலிருந்து எடுத்த சாயத்துக்கும் அந்தச் சங்குக்குமான பெயர் அது. லத்தீனில் பர்ப்யூரா ஆயிற்று. அரசர்களின் ஆடைக்கு ஏறிய அந்தச் சாயம் ஊதாவில் தொடங்கி உறைந்த குருதியின் சிவப்புவரை பல சாயல்களில் கிடைத்தது. ஆங்கிலத்தில் ‘பர்ப்பிள்’ காலப்போக்கில் நீலத்தின் பக்கம் சாய்ந்தது. ஜெர்மன் மொழியின் ‘புர்புர்’ சிவப்பின் பக்கமே நின்றது. இந்த உயிர்களைப் பற்றி ஆழமாக எழுதிய முன்னோடிகளில் பெரும்பாலோர் ஜெர்மனில் எழுதியவர்கள். அவர்கள் ‘புர்புர்பக்டேரியன்’ என்று எழுதியபோது மனத்தில் இருந்தது கருஞ்சிவப்பு. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பாதி நீலமானது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எடுத்தவர்கள், ஏற்கெனவே உருது வழி வந்து தங்கியிருந்த ‘ஊதா’வை அதன்மேல் போட்டார்கள். இரண்டு மொழி கடந்ததில் செம்மை முழுக்கக் கழுவிப்போய்விட்டது.

தமிழில் இதற்குப் பொருத்தமான பழஞ்சொல் இருந்தது. துவர். பவளத்தையும், செந்நிறத்தையும், துறவியர் ஆடைக்கு ஏற்றும் காவியையும் குறிக்க இந்த ஒரு சொல்லையே நம் முன்னோர் ஆண்டிருக்கிறார்கள். பாட்டிலில் படரும் அந்தத் திட்டைப் பார்த்து எந்தத் தமிழரும் தாமாக ஊதா என்று சொல்லமாட்டார். துவர் என்றால் பொருந்தும். இந்தச் சொல் கலைச்சொல்லாக்கக்காரர்களின் கையில் அகப்படாமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆனால் துவரும்கூட எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இந்தக் கூட்டத்தில் ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸ் என்று ஒன்று உண்டு. காற்றில்லாமல் வளர்த்தால் மஞ்சட்பழுப்பாக இருக்கும். கொஞ்சம் காற்றுப் பட்டால் சிவக்கும். ஸ்பீராய்டீன் என்ற அதன் மஞ்சள் சாயம் ஆக்சிஜனேற்றம் பெற்று ஸ்பீராய்டினோன் என்ற சிவப்புச் சாயமாக மாறுவதுதான் காரணம். பிளாஸ்டோகுளோரிஸ் விரிடிஸ் என்பதோ பச்சை; விரிடிஸ் என்றாலே லத்தீனில் பச்சை. ஊதாக் குடும்பத்தின் உறுப்பினர் ஒருவருக்குப் பச்சை என்பதே பெயராக இருக்கிறது. சிவப்பும் பழுப்பும் தரும் கரோட்டினாய்டுச் சாயங்களை இழந்த திரிபு வகைகளை ஆய்வகத்தில் வளர்த்தால் நீலப்பச்சையாக வளரும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது: நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, குலுக்கிக்கொண்டே வளர்த்தால் இவற்றில் பெரும்பாலானவை நிறத்தையே கைவிட்டுவிடும். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போது மூச்சுவிட்டே பிழைத்துக்கொள்ளலாம். ஒளி பிடிக்கும் கருவிகளைக் கட்டுவது வீண் செலவு. ஆக்சிஜன் குறையும்போது உள்சவ்வுகள் மடிப்பு மடிப்பாக வளர்கின்றன, அவற்றில் சாயங்கள் ஏறுகின்றன, குடுவை சிவக்கிறது. நிறம் இந்த உயிரின் நிலை. அதை அடையாளமாக எடுத்துக்கொண்டது பார்த்தவர்களின் அவசரம்.

இனி கந்தகம். இந்தச் சொல் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள 1880-களுக்குப் போக வேண்டும். அந்தப் பத்தாண்டில் மூன்று பேர் மூன்று பக்கமிருந்து இதை நெருங்கினார்கள். எங்கெல்மன் என்ற உடலியல் அறிஞர், நீந்திக்கொண்டிருக்கும் செந்நிறப் பாக்டீரியா வெளிச்சத்தின் விளிம்பைத் தாண்டி இருட்டில் கால்வைத்ததும் திடுக்கிட்டுப் பின்வாங்குவதை நுண்ணோக்கியில் கண்டார். நிறமாலையை அதன்மீது வீழ்த்தியபோது, மனிதக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் அவை கூட்டமாகக் குவிந்தன. அதனால் 1883-இல் அவர் வைத்த பெயர் பாக்டீரியம் ஃபோட்டோமெட்ரிக்கம், ஒளியை அளப்பது. என் மதிப்பில் இந்த வரலாற்றிலேயே மிக நேர்மையான பெயர் அதுதான். செய்வதைப் பார்த்து வைத்தது. இரண்டாமவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. சில செந்நிறப் பாக்டீரியாக்களின் உடலுக்குள் மின்னும் மணிகள் கந்தகம் என்றும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடை உட்கொண்டு அவை கந்தகத்தைச் சேமிக்கின்றன என்றும் 1887, 1888 ஆண்டுகளில் எழுதினார்.

மூன்றாமவர் எஸ்மார்ஹ். பெர்லினில் ராபர்ட் கோஹ்வின் ஆய்வகத்தைச் சேர்ந்தவர். குழாய்த் தண்ணீரில் அழுகவிட்ட ஒரு செத்த எலியிலிருந்து சுருள் வடிவப் பாக்டீரியம் ஒன்றைத் தனிமைப்படுத்தி, தூய வளர்ப்பாக எடுத்து, அதன் சிவப்பைப் பார்த்து 1887-இல் ஸ்பைரில்லம் ரூப்ரம் என்று பெயரிட்டார். தான் கையில் வைத்திருப்பது ஒளியில் வாழும் உயிர் என்பது அவருக்குத் தெரியாது. அதன் உடலில் கந்தக மணி எதுவும் இல்லை. உலகத்தில் முதன்முதலில் தூய வளர்ப்பாகக் கிடைத்த ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியம் அதுவே.

இந்த மூன்று இழைகளையும் ஒன்றாக முறுக்கியவர் ஹான்ஸ் மோலிஷ். ஆஸ்திரியத் தாவரவியலாளர். 1907-இல் வெளியான ‘புர்புர்பக்டேரியன்’ பற்றிய நூலில், செந்நிறப் பாக்டீரியா அனைத்தையும் ரோடோபாக்டீரியா என்று ஒரே வரிசையில் வைத்தார். ரோடோன் என்றால் கிரேக்கத்தில் ரோஜா. அவற்றில் உடலுக்குள் கந்தக மணி சேமிப்பவை தையோரோடேசியே, சேமிக்காதவை அதையோரோடேசியே. கந்தகத்துக்குக் கிரேக்கச் சொல் தையோன். அதன் முன்னால் ஓர் ‘அ’ போட்டால் இல்லை என்று பொருள். நீதிக்கு முன்னால் ‘அ’ சேர்த்து அநீதி என்று நாம் சொல்வதும் இதே உறவுமுறைதான். ஆக, ‘கந்தகமில்லா’ என்ற அடைமொழி பிறந்தது ஓர் ‘அ’விலிருந்து. உடலுக்குள் மணி தெரிகிறதா, தெரியவில்லையா என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்த அடையாளம் அது. எஸ்மார்ஹின் ஸ்பைரில்லம் ரூப்ரம் இந்த இரண்டாம் கூடையில் விழுந்து, ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் ஆயிற்று.

மோலிஷின் பெயர் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு அந்நியமானதல்ல. உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் கார்போஹைட்ரேட்டைக் கண்டறிய முதலில் செய்யும் சோதனை அவர் பெயரிலானது. சர்க்கரைக் கரைசலில் ஆல்ஃபா நாஃப்தால் இரண்டு சொட்டு விட்டு, சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரோடு மெல்ல வழியவிட வேண்டும். கை நடுங்கினால் கலங்கிவிடும். நிதானமாக விட்டால் அமிலம் அடியில் தங்கும். இரண்டு திரவமும் சந்திக்கும் கோட்டில் ஒரு வளையம் எழும். அது அசல் ஊதா. ‘வயலட் ரிங் ஃபார்ம்டு’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அதே மோலிஷ்தான் ஒரு பெரிய உயிர்க் கூட்டத்துக்கே பெயர் வைத்தவர் என்று யாரும் சொல்லித் தந்திருக்க வாய்ப்பில்லை. அவர் 1928-இல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸின் ஆய்வு நிலையத்தில் சில மாதங்கள் வேலை செய்தார். இந்திய அனுபவங்களைத் தனி நூலாகவும் எழுதினார். ஒரு செடி மற்றொன்றின் வளர்ச்சியை வேதிப்பொருளால் பாதிப்பதைக் குறிக்கும் ‘அல்லெலோபதி’ என்ற சொல்லும் 1937-இல் அவர் ஆக்கியதே. சொல் ஆக்குவதில் கைதேர்ந்தவர். அப்படிப்பட்டவர் ஆக்கியும், ‘அதையோ’ என்ற இந்த ஒரு முன்னொட்டு சறுக்கிவிட்டது.

சறுக்கலுக்கு வழி திறந்தது, விந்தையாக, இந்த உயிர்களைப் பற்றிய மிகச் சிறந்த ஆய்வு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் பயின்று, கலிஃபோர்னியாவின் ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையத்துக்குப் போன கார்னேலிஸ் வான் நீல், 1931-இல் செவ்விய ஒரு கருத்தை முன்வைத்தார். செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. கந்தகப் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொண்டு கந்தகத்தை விடுகிறது. இரண்டும் ஒரே வேலை. ஹைட்ரஜனைக் கொடுப்பது எது என்பதில்தான் வேறுபாடு. அப்படியானால் செடி வெளிவிடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதாக இருக்க முடியாது, தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் இந்த உண்மை, சேற்றுப் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. 1944-இல் அவரே எழுதிய 118 பக்கக் கட்டுரை, மோலிஷின் இரண்டாம் கூடையை ஒழுங்குபடுத்தியது. அதன் தலைப்பில் இருப்பது ‘கந்தகமில்லாச் செந்நிற, பழுப்புநிறப் பாக்டீரியா’. நிறத்தில் பழுப்பையும் சேர்த்துக்கொள்ளும் நிதானம் அவரிடம் இருந்தது. பின்வந்தவர்கள் பழுப்பை உதிர்த்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

1972-இல் நெதர்லாந்தில் ஹான்சன், வான் கெமெர்டென் என்ற இருவர் எளிய ஒரு கேள்வியைக் கேட்டார்கள். கந்தகமில்லாதவை என்று சொல்லப்படுபவற்றுக்குச் சல்ஃபைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தால் என்ன? அதுவரை சோதித்தவர்கள் தாராளமாகக் கொடுத்திருந்தார்கள். அந்த அளவு இந்த உயிர்களுக்கு நஞ்சு, வளரவில்லை, எனவே இவற்றுக்குக் கந்தகம் ஆகாது என்று முடிவு கட்டியாயிற்று. அளவைக் குறைத்து, சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஊட்டியபோது அவை சல்ஃபைடைப் பயன்படுத்திக்கொண்டன. சில வகைகள் அதைக் கந்தகமாக்கி உடலுக்கு வெளியே விட்டன; வேறு வகை சல்ஃபேட் வரைக்கும் கொண்டுபோயிற்று. மணி உடலுக்குள் சேராததால்தான் அத்தனை காலமும் நுண்ணோக்கி அதைக் காணவில்லை. மறு ஆண்டே ஹான்சனும் வெல்ட்காம்ப்பும் இந்தக் கூட்டத்தில் புதிதாக ஒன்றைக் கண்டு பெயரிட்டார்கள்: ரோடோசூடோமோனாஸ் சல்ஃபிடோஃபிலா, அதாவது சல்ஃபைடை நேசிப்பது.

இதற்கு ஓர் இந்தியத் தொடர்ச்சி உண்டு. ஹைதராபாத்தில் சசிகலா, ராமனா ஆகிய இரு பேராசிரியர்களின் குழு, இந்திய மண்ணிலும் நீரிலும் இருந்து ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியா வகைகளைப் பிரித்தெடுத்துப் பெயரிடுவதையே பல்லாண்டு வேலையாகச் செய்துவந்திருக்கிறது. இமயத்தின் சாங்-லா கணவாயிலிருந்து ஒன்று, உதய்ப்பூரிலிருந்து ஒன்று, பீமுனிப்பட்டினக் கடற்கரையிலிருந்து ஒன்று என்று ஊர்ப் பெயர்களே நுண்ணுயிர்ப் பெயர்களாகி உலகப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. 2008-இல் அந்தக் குழு விவரித்த ஒன்றின் பெயர் ரோடோஸ்பைரில்லம் சல்ஃபரெக்சிஜென்ஸ். பொருள்: கந்தகம் வேண்டும் என்று கேட்பது. கந்தகச் சேர்மம் இல்லாவிட்டால் அது வளர்வதே இல்லை. எஸ்மார்ஹின் எலியில் தொடங்கிய ‘கந்தகமில்லா’ வம்சத்தில், கந்தகம் இல்லாமல் உயிர்வாழ முடியாத ஒன்று. பின்னர் அதைப் பேராரோடோஸ்பைரில்லம் என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள். எங்கெல்மனின் ஃபோட்டோமெட்ரிக்கமும், நெல்வயல் மண்ணில் கண்டெடுத்து ஒரைசே என்று நெல்லின் பெயரைப் பெற்ற வகையும் அதே பேரினத்தில்தான் இருக்கின்றன.

நூலில் மட்டும் நிற்கிற முரண் அல்ல இது. வேதாரண்யம், தூத்துக்குடிப் பக்கத்து இறால் பண்ணைகளில் குளத்தின் அடிமண் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் எழும்போது, ரோடோசூடோமோனாஸ் உள்ள செந்நிறத் திரவத்தை வாங்கி ஊற்றுகிறார்கள். எதற்கு? ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தீர்க்க. கந்தகமில்லாதது என்ற பெயருடையதைக் கந்தக நச்சுக்கு மருந்தாகப் போடுகிறார்கள். பெயரை நம்பியிருந்தால் யாரும் போட்டிருக்கமாட்டார்கள்.

அப்படியானால் இந்த உயிர்களின் உண்மையான இயல்பு என்ன? ஐந்தருவிக்கு மேலே இருக்கும் காட்டை நினைத்துக்கொள்ளலாம். உச்சி இலைகள் சூரிய ஒளியின் நீலத்தையும் சிவப்பையும் வடிகட்டி எடுத்துக்கொள்கின்றன. தரைக்கும் பாறைக்குழித் தேங்கலுக்கும் இறங்குவதில் பெரும்பங்கு அகச்சிவப்பு. தண்ணீரில் பாசி படர்ந்திருந்தால் மிச்சத்திலும் ஒரு பங்கு போய்விடும். அந்தக் கழிபட்ட ஒளிதான் இவற்றின் உணவு. இவற்றிலுள்ள பாக்டீரியோகுளோரோஃபில் ‘ஏ’ 800 முதல் 880 நானோமீட்டர் வரையான ஒளியைப் பிடிக்கிறது. நம் கண் 700-ஐத் தாண்டியதுமே மங்கத் தொடங்கிவிடும். பச்சை நிற விரிடிஸ், பாக்டீரியோகுளோரோஃபில் ‘பி’யை வைத்துக்கொண்டு 1000 நானோமீட்டருக்கு அப்பாலும் பிடிக்கிறது. செடிகொடிகள் விட்டுவைத்ததை வைத்தே ஒரு வாழ்க்கை.

பிடிக்கும் கருவி வட்ட வடிவம். 1995-இல் வெளியான கட்டமைப்பின்படி, ஒன்பது அலகுகள் கூடிய ஒரு வளையத்தில் 27 பாக்டீரியோகுளோரோஃபில்கள் வரிசையாக நிற்கின்றன. ஒளியின் ஆற்றல் வளையத்துக்கு வளையம் கைமாறி வினைமையத்தை அடைகிறது. அங்கே ஓர் எலக்ட்ரான் துள்ளி வெளியேறி, குயினோன் வழியாக, சைட்டோக்ரோம்கள் வழியாக ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. அந்தச் சுற்றில் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கம் ஏற்றப்படுகின்றன. அவை திரும்பி இறங்கும்போது ஏ.டி.பி. உண்டாகிறது. தண்ணீரை எங்கும் உடைப்பதில்லை, அதனால் ஆக்சிஜன் வெளிவருவதில்லை. இந்த வினைமையத்தின் அணு அளவிலான கட்டமைப்பை, விரிடிஸிலிருந்து எடுத்த படிகத்தைக் கொண்டு மிஷெல், டைசன்ஹோஃபர், ஹூபர் மூவரும் கண்டறிந்தார்கள். சவ்வில் பதிந்த புரதம் ஒன்றின் வடிவம் அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்தது அதுவே முதல் முறை. 1988-இன் வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான்.

கார்பனுக்கு இவை பெரும்பாலும் அழுகும் பொருள்களிலிருந்து கசியும் அசிட்டேட், சக்சினேட், மாலேட் போன்ற அமில உப்புகளை எடுத்துக்கொள்கின்றன. கிடைக்காவிட்டால் கரியமில வாயுவே போதும். வைக்கோல் மக்கும் வயலும், மாவாலைக் கழிவுநீரும் இவற்றுக்கு விருந்து. மலேயா பல்கலைக்கழகத்தில் விக்னேஸ்வரி சபாரத்தினமும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் சவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் இவற்றை வளர்த்துக் காட்டினார்கள். சேலத்துச் சேகோ ஆலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய வேலை. 1949-இல் அமெரிக்காவில் கெஸ்ட், கேமன் இருவரும், வெளிச்சத்தில் வைத்த ரோடோஸ்பைரில்லம் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழிகளாக விடுவதைக் கண்டார்கள். நைட்ரஜன் வாயுவை உள்ளே செலுத்தியதும் குமிழி நின்றது. அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, இது காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் உயிர் என்று கண்டுபிடித்தார்கள். அமோனியா தாராளமாக இருந்தால் இந்த வேலையை அது நிறுத்திவிடும். யூரியா கொட்டிய வயலில் இதனிடம் நைட்ரஜனை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

பெயரின் வரலாற்றில் இன்னொரு திருப்பம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் கார்ல் வூஸ், மரபுப் பொருளை ஒப்பிட்டு உயிர்களின் குலமரத்தை வரைந்தபோது, காலரா கிருமி, குடலில் வாழும் ஈ.கோலை, பயறுவேரின் ரைசோபியம் எல்லாம் இந்தச் செந்நிறப் பாக்டீரியாவோடு ஒரே கிளையில் வந்து விழுந்தன. அந்தப் பெருங்கிளைக்கே ‘செந்நிறப் பாக்டீரியாவும் உறவினரும்’ என்றுதான் முதலில் பெயர். 1988-இல் அதைப் புரோட்டியோபாக்டீரியா என்று மாற்றினார்கள். நம் உடலின் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவின் மூதாதையும் இந்தக் கிளையின் ஆல்ஃபா பிரிவை ஒட்டியதே. தமிழ்நாட்டு உழவர்கள் நாவில் தாராளமாகப் புழங்கும் அசோஸ்பைரில்லமும் ரோடோஸ்பைரில்லத்தின் நெருங்கிய சொந்தம். பெயரிலேயே பாதி ஒன்றுதான்.

மோலிஷிடம் மறுபடி ஒரு முறை போக வேண்டும். அதே 1907 நூலில் அவர் இன்னொரு பெயரும் வைத்தார்: ரோடோபேசில்லஸ் பாலுஸ்ட்ரிஸ். வான் நீல் 1944-இல் முன்பகுதியை மட்டும் மாற்றி ரோடோசூடோமோனாஸ் பாலுஸ்ட்ரிஸ் ஆக்கினார். பாலுஸ்ட்ரிஸ் என்றால் சதுப்பில், சேற்றில் வாழ்வது. நிறம் மாறலாம், கந்தகம் வரலாம் போகலாம், சேறு மாறவில்லை. வாழும் நிலத்தை வைத்து ஒன்றை அடையாளம் காண்பது நமக்கும் பழகிய வழி. குறிஞ்சி, மருதம் என்று நிலத்தையும் அதன் வாழ்வையும் சேர்த்தே சொன்ன மரபு நம்முடையது. ஒரே மனிதர் ஒரே நூலில் வைத்த இரண்டு பெயர்களில், இல்லாததைச் சொன்ன பெயர் வழுக்கியது, இருக்கும் இடத்தைச் சொன்ன பெயர் நின்றது. ஓர் உயிருக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

இன்று தமிழ்நாட்டில் இந்த உயிர் புழங்கும் பெயர் இவற்றில் எதுவும் இல்லை. ‘பி.எஸ்.பி.’ என்பதுதான் அது. ஜப்பானின் ஒகினாவாவில் 1982 வாக்கில் தெருவோ ஹிகா உருவாக்கிய இ.எம். என்ற நுண்ணுயிர்க் கலவையில் ஒரு பங்காக இது இங்கே இயற்கை உழவர்களிடம் வந்தது. தனியாகவும் வருகிறது. தாய்லாந்தில் உழவர்கள் முட்டையும் அஜினோமோட்டோவும் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் தாய்த்திரவம் விட்டு, தெளிந்த பாட்டில்களில் அடைத்து வெயிலில் அடுக்கிவைத்து இதைப் பெருக்குகிறார்கள். காணொளிகள் வழியாக அந்த முறை எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. ‘ஃபோட்டோசிந்தெட்டிக் பாக்டீரியா’ என்பதன் முதலெழுத்துகள் பி.எஸ்.பி. ஆனால் நம் உரக்கடைகளிலும் வேளாண் விரிவாக்க மையங்களிலும் அதற்கு முன்பே ஒரு பி.எஸ்.பி. உண்டு: ‘பாஸ்பேட் சொல்யுபிலைசிங் பாக்டீரியா’, நாம் பாஸ்போபாக்டீரியா என்று வாங்குவது. மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துப் பயிருக்குத் தருவது. பெரும்பாலும் பேசில்லஸ் வகை; நிறமும் இல்லை, ஒளியோடு ஒட்டும் இல்லை.

இரண்டு எழுத்துச் சேர்க்கைகளும் ஒன்றாக இருப்பது வெறும் சொற்சிக்கல் அல்ல. பாஸ்போபாக்டீரியாவை நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்; வெயில் பட்டால் செத்துப்போகும். மற்றதை வெயிலில் வைத்தால்தான் பெருகும். ஒன்று தொழுவுரத்தோடு கலந்து எந்த வயலிலும் இடலாம். மற்றது நீர் கட்டிய, வெளிச்சமும் மக்கும் பொருளும் உள்ள சேற்றில்தான் தன் வேலையைக் காட்டும். ‘பி.எஸ்.பி. ஒரு லிட்டர்’ என்று எழுதிக்கொடுத்த சீட்டை நம்பி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கினால் பணமும் போகும், ஒரு பருவமும் போகும்.

அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா என்று நாக்குப் புரளாத பெயர்களையெல்லாம் நம் உழவர்கள் முழுதாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். ரோடோசூடோமோனாஸ் பாலுஸ்ட்ரிஸ் அவற்றைவிடக் கடினமானதல்ல. கடையில் பி.எஸ்.பி. என்று மட்டும் எழுதிய புட்டியைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பேசில்லஸா, ரோடோசூடோமோனாஸா என்று கேளுங்கள். லேபிளில் முழுப் பெயர் இருந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.